பெரியக்காவின் மூச்சு

பெரியக்காவின் வயிற்றுக்குள்ளிருந்து மோட்டாரைக் கழற்றி எடுத்த பிறகும் அவள் மூச்சு விடுவதை நிறுத்தவில்லை. கழற்றிய எலக்ட்ரீஷியன் பாக்கியநாதன் மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு குகையின் ஓரத்தில் நின்று, அந்தப் பெரிய வயிறு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு படகுத்துறையில் நின்ற அமலோற்பவத்திடம், "மோட்டாரு இங்கன இருக்கு, மூச்சு அங்கன இருக்கு. எனக்குச் சொன்ன வேலைய நான் முடிச்சிட்டேங்க்கா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகிற நாலுவழிச் சாலையில், சிறுமலை இடதுகைப் பக்கமாகக் கூடவே வருகிற இடத்தில், மேட்டுச்சாவடி என்ற ஊருக்கு எதிரே இருந்தது குதூகலபுரி. ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும் பேய் வீடும் உண்டென்றாலும் ஜனங்கள் வந்தது ராட்சசி குகைக்காகத்தான். இருட்டான குகைக்குள் முழங்கால் அளவு தண்ணீரில் படகு மெல்லப் போகும். வளைவு திரும்பினால், ஒரு கல்யாண மண்டபம் நீளத்துக்கு ஒருக்களித்துப் படுத்தபடி, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து ஒரு ராட்சசி தூங்கிக்கொண்டிருப்பாள். பார்க்கைக் கட்டிய கம்பெனி அவளுக்கு மாயராணி என்று பேர் வைத்தது. ஆனால் அவள் முகத்தில் வேலைக்குப் போய்த் திரும்பி அசந்துபோன ஒரு மூத்த பெண்ணின் களை இருந்ததால், முதல் வாரமே ஜனங்கள் அவளைப் பெரியக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் யாரையும் பயமுறுத்த மாட்டாள், எழுந்திருக்க மாட்டாள், தூங்குவாள், அவ்வளவுதான். அந்தத் தூக்கத்தைப் பார்த்தவர்களுக்குக் கொட்டாவி வரும், தோள் இறங்கும், சண்டை போட்டுக்கொண்டு படகில் ஏறிய புருஷன் பெண்டாட்டி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி இறங்குவார்கள்.

அந்தப் படகுகளைத் தள்ளிவிடுகிறவள் அமலோற்பவம். பார்க் திறந்த நாளிலிருந்து அதே துறையில் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள். குரல் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. அவள் புருஷன் இஞ்ஞாசி லாரி ஓட்டியவன். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு போன ஒரு விடியலில், பனிக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவன்மேல் தப்பில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. ஆனால் கண்ணை மூடினால் சைக்கிள் மணி அடிக்கிறது என்று அவன் சொன்னான், ஸ்டீயரிங்கைத் தொடுவதை விட்டான், தூக்கத்தையும் விட்டான். மாத்திரை, மந்திரிப்பு, வேளாங்கண்ணி, எதுவும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தவனை அமலோற்பவம் கடைசிப் படகில் உட்கார வைத்து உள்ளே தள்ளினாள். படகு சுற்றி வெளியே வந்தபோது அவன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் எழுப்பாமல் மறுபடியும் தள்ளினாள். அதிலிருந்து கடைசிப் படகு அவனுடையது. பார்க்கில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

அந்தக் குகையைத்தான் இடிக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். மின்னல்தேர் என்டர்டெயின்மென்ட் என்ற கம்பெனி பார்க்கை வாங்கியிருந்தது, அவர்கள் எடுத்த கார்ட்டூன் படத்தின் நாயகன் டர்போ தம்பியின் பெயரில் அங்கே ஒரு ராக்கெட் ரயில் வரப் போகிறதாம். படத்தை ஊரில் யாரும் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் பார்க் கடையில் டர்போ தம்பி தண்ணீர் பாட்டில், டர்போ தம்பி குடை, டர்போ தம்பி ஹெல்மெட் என்று கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருந்தார்கள். குழந்தைகள் உள்ளே போய், "பெரியக்கா பொம்மை இருக்கா?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தார்கள்.

அமலோற்பவம் நேரே மேனேஜர் ரகோத்தமனிடம் போனாள். அவர் சாப்பிட்ட டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், ஓடுறதப் போயி இடிக்கிறாங்க?"

"நெசத்தச் சொல்லவா, நோட்டீஸ்ல இருக்கிறதச் சொல்லவா?"

"நோட்டீஸ நானே படிச்சிட்டேன்."

ரகோத்தமன் கேரியரைக் கவிழ்த்து வைத்தார். "குகை நல்லா ஓடுது. யாரும் ஒண்ணும் செய்யாட்டியும் ஓடும். அதாம்மா சிக்கலே. மேல இருக்கிறவரு புதுசா வந்தவரு. முன்னாடி இருந்த ஆளு கட்டுன குகை ஓடுனா, பேரு அந்த ஆளுக்குப் போகும். இவரு புதுசா ஒண்ணு கட்டணும். கட்ட எடம் வேணும். ஓடாத ரைட இடிச்சா, ஏன் ஓடலைன்னு கேள்வி வரும், அதுக்குக் கையெழுத்துப் போட்டவரு இன்னும் ஆபீஸ்ல இருக்காரு. ஓடுறத இடிச்சா ஒரு கேள்வியும் வராது. நல்லா இருக்கிறத அப்படியே விட்டு வச்சவனுக்கு யாராச்சும் புரமோஷன் குடுத்துப் பாத்திருக்கியா?"

"பொம்ம? புள்ளைங்க தொண்டத் தண்ணி வத்தக் கேக்குதுங்களே."

"பெரியக்காவச் செஞ்ச சிற்பி வெவரமானவரு. பொம்ம போட்டா எனக்கு ஒரு பங்குன்னு அன்னைக்கே எழுதி வாங்கிட்டாரு. டர்போ தம்பி கம்பெனியோட சொந்தப் புள்ள. விக்கிற அடுத்த வீட்டுப் புள்ளயவிட விக்காத சொந்தப் புள்ள மேல்னு நினைக்கிறாங்க."

"அப்ப வாங்குறவுக என்ன நினைக்கிறாகன்னு யாரும் கேக்கலையா?"

"அந்த மீட்டிங்குக்கு அவங்கள யாரும் கூப்பிடுறதில்லம்மா."

இப்படியாகத்தான் முதல் வேலையாக மோட்டாரைக் கழற்றினார்கள், பெரியக்காவும் தன்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். முன்னைக்கு இப்போது மூச்சு இன்னும் சாவகாசமாக இருந்தது, யாரோ பக்கத்தில் நின்று சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டிக்கொண்டிருந்தது நின்றுபோன மாதிரி. உயிருள்ள ஒன்றை இடிக்க மேஸ்திரி மாட்டேன் என்றார். அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, வீட்டில் நாலு பெண் பிள்ளைகள், பாவம் சேர்க்க இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

செய்தி பரவியது. ஸ்பின்னிங் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்த பெண்கள் தலையில் பஞ்சோடு வந்து படகில் சுருண்டுகொண்டார்கள். வயிற்று வலியில் அழுகிற கைக்குழந்தைகளை ஏந்திக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள். பரீட்சைக்குப் படித்துப் படித்துக் கண் சிவந்த பிள்ளைகள் வந்தார்கள். கடன் கொடுத்தவனும் கடன் வாங்கியவனும் ஒரே படகில் வந்தார்கள், இருவருமே தூங்காதவர்கள். பங்குச் சாமியாரிடம் போய் இது சரியா தப்பா என்று கேட்டார்கள். அவர் நேரில் பார்த்துச் சொல்கிறேன் என்று வந்து, படகில் ஏறி, சாயங்காலப் பூசைக்குத் தாமதமாகப் போனார், கடைசி வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கூட்டம் மஞ்சளும் குங்குமமும் உண்டியலும் கொண்டுவந்து பெரியக்காவின் காலடியில் வைக்கப் பார்த்தது. அமலோற்பவம் துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"எடுங்க உண்டியல! அசந்து தூங்குற பொம்பளயப் போயி எழுப்பி, அதக் குடு இதக் குடுன்னு நச்சரிக்கவா வந்தீங்க? கும்பிடுறதுன்னா உங்க கோயில்ல கும்பிடுங்க. இங்க வந்தா தூங்கிட்டுப் போங்க."

கம்பெனிக்கு வேறு கவலை. மோட்டார் இருந்து ஓடினால் அது இயந்திரம், இன்சூரன்ஸ் உண்டு. மோட்டார் இல்லாமல் ஓடினால் அதற்குக் காகிதத்தில் கட்டமே கிடையாது. பல மீட்டிங் போட்டு அவர்கள் எடுத்த முடிவு, மூச்சு விடுகிற பெரியக்காவுக்கு மூச்சு விடுவதற்காகப் புது மோட்டார் ஒன்றைப் பொருத்துவது. கூடவே, கேட்பவர்கள் கேட்கிறார்களே என்று ஒரு பொம்மையும் போட்டார்கள். சிற்பிக்குப் பங்கு போகக் கூடாதென்று முகத்தை மாற்றி, தூங்குகிற பொம்மையைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு உற்சாகம் வராதென்று கண்ணை அகலமாகத் திறந்து, தலையில் ஹெல்மெட் மாட்டி, டர்போ அத்தை என்று பேர் வைத்தார்கள். அதைப் பார்த்த குழந்தைகள் கடைக்குள்ளேயே வீறிட்டு அழுதன.

புது மோட்டார் ஓடியபோது பெரியக்காவின் மூச்சு ஒரு கணக்கிலும் மோட்டாரின் மூச்சு வேறொரு கணக்கிலுமாக மோதிக்கொண்டன. வயிறு பாதி ஏறி வெட்டிக்கொண்டு இறங்கியது. மூடியிருந்த இமைகளுக்குள் கண் உருண்டது. படகிலிருந்தவர்களுக்கு விக்கல் பிடித்தது. இஞ்ஞாசி தூக்கத்திலிருந்து அலறிக்கொண்டு எழுந்து, "மணி அடிக்குது அமலு, மணி அடிக்குது" என்று காதைப் பொத்தினான். அமலோற்பவம் யாரையும் கேட்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கி, சேலை நனைய நடந்து போய், மோட்டாரின் வயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. வயிறு தன் கணக்குக்குத் திரும்பியது.

சாயங்காலமே அவளை வேலையை விட்டு எடுத்தார்கள். "வேலைய எடுத்துக்கங்க. ஆனா நாளைக்கு நான் டிக்கெட் வாங்கிட்டு வருவேன், அப்ப என்னை யாரு தடுக்குறான்னு பாக்குறேன்" என்று ரகோத்தமனிடம் சொல்லிவிட்டுப் போனாள், சொன்னபடியே வந்தாள். நிற்கிற இடம் அதேதான், இப்போது சம்பளம் கிடையாது.

அப்புறம்தான் மேலே இருக்கிறவர் நேரில் வந்தார். தேவதத்தன் என்று பேர், மும்பையில் வளர்ந்த தமிழர், ஒவ்வொரு தமிழ் வார்த்தையையும் தேடி எடுத்துப் பேசினார். கண்ணுக்குக் கீழே கருவளையம். குகைக்குள் வந்து பெரியக்காவைப் பார்த்தார், கொட்டாவி வந்தது, உதட்டைக் கடித்து அதை விழுங்கினார். பிறகு வயிற்றை அறுத்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கச் சொன்னார்.

அமலோற்பவம் ஏணியில் ஏறிப் பெரியக்காவின் விலாவின்மேல் உட்கார்ந்துகொண்டாள். மூச்சோடு சேர்ந்து அவளும் மேலே போனாள், கீழே வந்தாள்.

"அம்மா, இறங்குங்க" என்றார் தேவதத்தன். "இது எங்க இடம், எங்க சிலை. இந்த மூச்சும் எங்க கம்பெனியின் சொத்து. எங்களுக்குப் புரியாத ஒண்ணை நாங்க நடத்த முடியாது."

"உங்க சொத்தா?"

"ஆமாம்."

"அப்ப நிறுத்திக் காட்டுங்க." மேலே போயிருந்தவள் கீழே வரும்வரை பொறுத்துச் சொன்னாள். "உங்களுதுதான சார், நில்லுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நின்னுட்டா நான் வாயப் பொத்திக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

படகுகளில் இருந்தவர்கள் எல்லோரும் தேவதத்தனையே பார்த்தார்கள். அவர் வாய் லேசாக அசைந்தது, சொன்னாரோ சொல்லவில்லையோ தெரியாது. வயிறு ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது. யாரோ ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு குகை முழுக்க எதிரொலித்தபோது அவர் முகம் கறுத்துவிட்டது, "அறுங்க" என்றார்.

இரண்டு பெண் காவலாளிகள் அமலோற்பவத்தின் கையைப் பிடித்து இறக்கினார்கள். அவள் கத்தினாள், கடித்தாள், ஒருத்தியின் தொப்பியைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தாள். அறுக்கிற மெஷின் தீப்பொறி பறக்க விலாவில் சதுரமாக ஒரு ஓட்டை போட்டது. டார்ச் அடித்துப் பார்த்தார்கள். உள்ளே இரும்புக் கம்பிகள், துருப்பிடித்த ரெண்டு போல்ட்டு, அணில் கொண்டுவந்து போட்ட தேங்காய் நார். வேறொன்றும் இல்லை. வெதுவெதுப்பான காற்று மட்டும் டார்ச் அடித்தவன் முகத்தில் பட்டது.

அதன் பிறகு சத்தம் வந்தது. இத்தனை வருஷமும் உள்ளுக்குள்ளேயே அடங்கிக் கிடந்த குறட்டை அந்த ஓட்டை வழியாக வெளியே வந்து, குகைத் தண்ணீரைச் சிலிர்க்க வைத்து, ராட்டினத்தைத் தாண்டி, மதில் சுவரைத் தாண்டி, நாலுவழிச் சாலையில் லாரிகளின் இரைச்சலுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் ஏறி, மேட்டுச்சாவடிக்குள் புகுந்தது. அதிகச் சத்தமென்று சொல்ல முடியாது, பக்கத்து அறையில் நமக்கு வேண்டிய ஒருவர் நிம்மதியாகத் தூங்கினால் கேட்குமே, அந்த அளவுதான், ஆனால் ஊரில் எந்த வீட்டில் நின்றாலும் அதே அளவு. டீக்கடையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவர் பெஞ்சில் சாய்ந்தார். ரேஷன் கடை வரிசை நின்ற நிலையிலேயே கண் மூடியது. மாமியாரும் மருமகளும் சொல்லிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஒரே பாயில் படுத்தார்கள். வாகனம் ஓட்டுகிறவர்களை மட்டும் அது ஒன்றும் செய்யவில்லை, யாரை விடவேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. இஞ்ஞாசி படகிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்து போய், பல வருஷங்களுக்குப் பிறகு தன் வீட்டில், தன் கட்டிலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கினான்.

ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாக் கடையும் கதவைச் சாத்தியது, பள்ளிக்கூடத்தில் அந்த நேரத்துக்கு ஒரு பீரியடே ஒதுக்கினார்கள், கண்டக்டர்கள் மேட்டுச்சாவடி நிறுத்தத்தில் விசில் ஊதுவதை விட்டார்கள். குறட்டையை வீட்டிலிருந்தே கேட்கலாம் என்றான பிறகு யாரும் டிக்கெட் வாங்கவில்லை. கம்பெனி பிடிவாதமாகக் குகைக்குப் பக்கத்திலேயே ராக்கெட் ரயிலைக் கட்டி முடித்தது. பயந்து கத்துவதற்காகக் கட்டிய ரயிலில் ஏறியவர்கள் உச்சிக்குப் போகும் முன்பே தூங்கிப்போய், தலை தொங்கத் தொங்க, எச்சில் ஒழுகச் சரிந்து வந்தார்கள். பார்க்கை மூடினார்கள். மூடிவிட்டு, கம்பெனிக்குச் சொந்தமான ஒலியைக் கேட்டுத் தூங்குகிறவர்கள் மாதச் சந்தா கட்டவேண்டும் என்று ஊருக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். வசூலிக்க வந்த ஆட்கள் முதல் தெருவிலேயே தூங்கிப்போனார்கள். ஊர்க்காரர்கள் அவர்களை நிழலில் இழுத்துப் போட்டு, எழுந்ததும் சுக்குக் காபி கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள். போனவர்களில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டதாகவும், அதில் ஒருவன் அந்த ஊரிலேயே வாடகைக்கு வீடு பார்ப்பதாகவும் சொன்னார்கள்.

வசூல் நடக்காது என்று தெரிந்ததும் கம்பெனி ஓட்டையை அடைத்தது. காதில் பஞ்சு வைத்துக்கொண்ட ஆட்கள் வந்து இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்துவிட்டுப் போனார்கள். தங்களுக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லாத வேலைக்கு அவ்வளவு தூரம் ஆளனுப்பினார்கள். ரகோத்தமன் பெட்டி படுக்கையோடு ஊருக்குக் கிளம்பியபோது அமலோற்பவம் அவரை பஸ் நிறுத்தத்தில் பிடித்தாள்.

"அடைச்சு என்ன சார் லாபம் அவுகளுக்கு?"

"ஒண்ணுமில்ல. காசு வாங்காமக் குடுத்தாங்கன்னு பேராகிடும்ல. அதத்தான் அவங்களால தாங்க முடியாது." பஸ்ஸில் ஏறியவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "காவலுக்கு ஒரே ஒரு ஆளுதாம்மா போட்டிருக்காங்க. நான் சொன்னேன்னு சொல்லாத."

அன்று ஊரில் மத்தியானம் யாரும் தூங்கவில்லை. குழந்தைகள் அழுதன, மாமியாரும் மருமகளும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். இஞ்ஞாசி கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அமலோற்பவம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மணி கேக்குதாங்க?"

"கேக்குது. விடு அமலு. இத்தன நாள் தூங்குனதே பெருசு."

அந்த 'விடு'தான் அவளுக்குத் தாங்கவில்லை. அவன் கெஞ்சியிருந்தால்கூட அவள் அழுதுவிட்டுச் சும்மா இருந்திருப்பாள். எழுந்து, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, பாக்கியநாதன் வீட்டுக்குப் போய் அறுக்கிற மெஷினைக் கேட்டாள். "கரண்டு வேணுமேக்கா, நானும் வாரேன்" என்று அவன் வயரைச் சுற்றிக்கொண்டு கிளம்பினான். மில் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், டீக்கடைக்காரர் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வந்தார், இஞ்ஞாசி எல்லோருக்கும் பின்னால் நடந்தான். கொளுத்துகிற வெயிலில், ஊரே பார்க்க, நாலுவழிச் சாலையைக் கடந்தார்கள்.

கேட்டில் இருந்த காவலாளி கடம்பூர்க்காரன், இளைத்த ஆள். கும்பலைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"உள்ள போகக் கூடாதுங்க. யாரு வந்தாலும் பேரு எழுதி மேல அனுப்பச் சொல்லியிருக்காங்க."

"எழுது" என்றாள் அமலோற்பவம். "கூட வா. நான் பண்றதப் பாத்துட்டே எழுது. ஒண்ணும் விட்டுடாத."

அவன் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். காய்ந்த குகைத் தரையில் கவிழ்ந்த படகுகளுக்கு நடுவே பெரியக்கா படுத்திருந்தாள். வயிறு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. பாக்கியநாதன் வயரை மாட்டினான். அமலோற்பவம் ஏணியில் ஏறி, மெஷினைத் தானே பிடித்து, தகட்டையும் தகட்டைச் சுற்றியும் அறுத்தாள். கம்பெனி போட்ட ஓட்டை ஜன்னல் அளவு. அவள் போட்டது வாசல் அளவு. துண்டு கழன்று தரையில் விழுந்து உருண்டு நின்றதும், கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு பெரியக்கா நீளமாக மூச்சை இழுத்தாள், குறட்டை வந்தது, முன்னைவிட நிதானமாக.

ஏணிக்குக் கீழே இஞ்ஞாசி கவிழ்ந்த படகில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தான். மில் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்திருந்தார்கள்.

"பேரு?" என்றான் காவலாளி, கண் சொருக.

"அமலோற்பவம். எழுது. இஞ்ஞாசி பொண்டாட்டி. மேட்டுச்சாவடி, மில்லுக்குப் பின்தெரு. ஓட்டை போட்டது நான்தான். மறுபடி அடைச்சா மறுபடி போடுவேன்."

அவன் எழுத ஆரம்பித்தான். 'அமலோற்' என்பதோடு பேனா வழுக்கி ஒரு கோடு இழுத்துக்கொண்டு போய் நின்றது. தலை நெஞ்சில் தொங்கியது.

அவள் ஏணியை விட்டு இறங்கினாள். அவனை எழுப்பாமல், விரல்களுக்கு நடுவிலிருந்து பேனாவை மெதுவாக உருவிக்கொண்டு, கோட்டுக்கு மேலேயே தன் பேரைப் பெரிய எழுத்தில் எழுதி முடித்தாள்.